சிநேகிதியோட சேர்ந்து கவிதையும் கைவேலையும்: ஒரு கொப்பி கட்டித் தொடங்குங்க

கவிதை எழுதோணும் எண்டு ஆசை இருக்கிற ஆக்கள் கொழும்பில கனபேர் இருக்கிறாங்க, ஃபோன்ல நோட்ஸ்ல ரெண்டு வரி எழுதி வச்சிட்டு ஒருத்தருக்கும் காட்டாம இருக்கிறாங்க. அதே மாதிரி கைவேலை வீடியோ எல்லாம் சேவ் பண்ணிச் சேவ் பண்ணி வச்சிட்டு இன்னும் ஒரு ஊசி கூடக் கோக்காத ஆக்களும் இருக்கிறாங்க. ரெண்டையும் தனித்தனியா, தனியாளாத் தொடங்கினா ஒரு மாசத்தில நிண்டு போறதுக்குத்தான் சாத்தியம் கூட, ஏனெண்டா நீங்க எழுதுறதுக்கு ஆரும் காத்துக்கொண்டு இருக்கேல்ல. அதால நான் சொல்லுறது என்னெண்டா ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்க, ஒரு சிநேகிதியோடயோ சிநேகிதனோடயோ செய்யுங்க: முதல்ல ரெண்டு பேரும் இருந்து கையால ஒரு கொப்பி கட்டுங்க, பிறகு அதே கொப்பியில மாறி மாறி எழுதுங்க. கொப்பி இண்டைக்கு உங்கட வீட்டில, அடுத்த கிழமை அவட வீட்டில. அவ எழுதி முடிச்சிட்டு "எங்க உன்ட பாட்டு?" எண்டு கேப்பா பாருங்க, அந்த ஒரு கேள்வி காணும் நீங்க எழுதுறதுக்கு.

ஆரோட சேர்றது எண்டதுக்கு பெரிய தெரிவு ஒண்டும் தேவையில்ல. நல்லா எழுதுற ஆள்தான் வேணும் எண்டில்ல, சொன்ன நேரத்துக்கு வாற ஆள் வேணும், அவ்வளவுதான். ஒருத்தருக்குக் கைவேலை வரும் மற்றவருக்கு எழுத்து வரும் எண்டா இன்னும் நல்லம், ஆனா வேலையைப் பிரிச்சிடாதீங்க, நீ தை நான் எழுதுறன் எண்டு தொடங்கினா அங்கயே சேர்ந்து செய்யிறது முடிஞ்சுது. தைக்கத் தெரிஞ்சவ எழுதட்டும், எழுதத் தெரிஞ்சவர் தைக்கட்டும், ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு விஷயத்தில மற்றவர் சொல்லிக்குடுக்க இருக்கும்.

நாள் எண்டா போயா நாள் சரியான வசதி, மாசத்துக்கு ஒருக்கா லீவு நிச்சயமா வரும், காலண்டர் பாத்தாலே அடுத்த நாள் தெரியும், ஆரும் "எப்ப சந்திக்கிறது" எண்டு மெசேஜ் போட்டு இழுபடத் தேவையில்ல. பின்னேரம் ஒரு மூண்டு மணித்தியாலம் காணும்.

சாமான் வாங்குறதை முதல் சந்திப்பா வையுங்க, அதுவும் ரெண்டு பேருமாப் போங்க. காலி வீதியில 100 இல்லாட்டி 101 பஸ் பிடிச்சா நேரா புறக்கோட்டை. மலிபன் வீதிப் பக்கம் கடதாசி, ஸ்டேஷனரிக் கடைகள் வரிசையா இருக்கு, கிழமை நாள் இல்லாட்டி சனிக்கிழமை காலமை போறது நல்லம், ஞாயிறும் போயாவும் கன கடை பூட்டு. வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: ஏ4 கடதாசி, அட்டைக்கு பிரிஸ்டல் போர்ட், தடிச்ச நூல், பெரிய ஊசி, ஒரு பேப்பர் கட்டர், இரும்பு அடிமட்டம். கடதாசி சாதாரணமா போட்டோகொப்பிக் கடையில பாவிக்கிறது 80 ஜீஎஸ்எம் (சதுர மீற்றருக்கு எத்தினை கிராம் எண்ட கணக்கு, கூடினா கடதாசி தடிப்பு), போல்பேனையால எழுதுற ஆளெண்டா அது காணும், மைப்பேனை பிடிக்கிற ஆளெண்டா 100 ஜீஎஸ்எம் கேளுங்க, இல்லாட்டி மற்றப் பக்கத்துக்கு ஊறும். துணிக்குக் காசு குடுக்காதீங்க. வெள்ளவத்தையில இருக்கிற தையல் கடைகள்ல சாறிப் பிளவுஸ் தைச்சு மிஞ்சின வெட்டுத் துணி மூட்டையா இருக்கும், மரியாதையாக் கேட்டா தருவாங்க. அம்மம்மாட பழைய நூல் சாறி கிழிஞ்சு கிடக்கெண்டா அதுதான் எல்லாத்திலயும் நல்லம்.

இப்ப கொப்பி கட்டுற வேலை. ஏ4 பத்துத் தாளை எடுத்து ஒண்டொண்டா ரெண்டா மடியுங்க, பத்தையும் சேர்த்து மடிச்சா நடு வளைஞ்சு போகும், அதால ஒண்டொண்டா மடிச்சு, மடிப்பை ஒரு கரண்டிக் காம்பால அழுத்தித் தேய்ச்சு, பிறகு ஒண்டுக்குள்ள ஒண்டாச் செருகுங்க. பத்துத் தாள் மடிச்சா 40 பக்கம் வரும், தொடக்கத்துக்கு அது நல்ல அளவு, நிரப்பலாம் எண்டு நம்பிக்கை வரும். வெளியில பிரிஸ்டல் போர்டை அதே அளவுக்கு மடிச்சுப் போர்த்துங்க. நடு மடிப்பின்ட நீளம் 21 சென்ரிமீற்றர். மேல இருந்து 3, 10.5, 18 சென்ரிமீற்றர்ல மூண்டு புள்ளி வச்சு, கொப்பியைப் பாதி திறந்து பிடிச்சுக்கொண்டு, ஊசியால இல்லாட்டிக் கொம்பாஸ் முனையால உள்ளுக்கிருந்து வெளிய குத்துங்க, அட்டையும் சேர்ந்து குத்துப்படோணும்.

நூல் 60 சென்ரிமீற்றர் காணும், ஒரு மெழுகுதிரியில ரெண்டு தரம் இழுத்து எடுத்தா சிக்குப்படாது, முடிச்சும் வழுக்காது. நடு ஓட்டையால உள்ளுக்கிருந்து வெளிய போங்க, உள்ளுக்கு ஒரு விரல் நீளத்துக்கு நூல் வால் விட்டு வையுங்க. வெளியால மேல் ஓட்டைக்குப் போய் உள்ள வாங்க, உள்ளால நடுவைத் தாண்டி நேரா கீழ் ஓட்டைக்குப் போய் வெளிய வாங்க, வெளியால திருப்பி நடு ஓட்டைக்கு வந்து உள்ள வாங்க. இப்ப உள்ளுக்கு நெடுக ஒரு நீள நூல் ஓடும், அதுக்கு ஒரு பக்கம் வாலும் மற்றப் பக்கம் ஊசி நூலும் இருக்கோணும், அந்த நீள நூலை நடுவில பிடிச்சு ரெண்டையும் இறுக்கி ரெண்டு முடிச்சுப் போடுங்க. இழுக்கேக்க நூலை மடிப்பின்ட திசைக்கே இழுங்க, மேல்நோக்கி இழுத்தா கடதாசி கிழியும். ஒருத்தர் கொப்பியைப் பிடிக்க மற்றவர் முடிச்சுப் போட்டா ரொம்ப லேசு, இதுக்கு நாலு கை இருந்தா உண்மையிலயே நல்லம்.

தைச்ச பிறகு பாத்தா நடுவில இருக்கிற தாள்கள் வெளிய கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிக்கும், அது பிழையில்ல, ஒண்டுக்குள்ள ஒண்டு மடிச்சா அப்பிடித்தான் வரும். அடிமட்டத்தை வச்சுக் கட்டரால வெட்டிச் சமப்படுத்துங்க, ஒரே அழுத்தில வெட்டப் பாக்காம மெல்ல மெல்லப் பல தரம் இழுங்க.

இந்த வேலை செய்யேக்க கதைச்சுக்கொண்டு இருப்பீங்க, அதைக் கவனிங்க, கவிதை அங்கதான் கிடக்கு. கை வேலையில இருக்கேக்க ஆக்கள் கதைக்கிற விதம் வேற, முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்ல, இடையில பேசாம இருந்தாலும் ஒண்டும் இல்ல, அப்பத்தான் அப்பம்மா வீட்டுக் கிணறு, பள்ளிக்கூட வானில பக்கத்தில இருந்த பிள்ளை, 83 கலவரத்தில அப்பா கட்டின பெட்டியைக் கடைசி வரைக்கும் அவிழ்க்காமலே வச்சிருந்தது எண்டு எங்கயோ கிடந்த கதையெல்லாம் வரும். பக்கத்தில ஒரு துண்டுக் கடதாசி வச்சு மற்றவர் சொன்ன சொல்லில உங்களுக்குப் பிடிச்சதைக் கிறுக்கி வையுங்க. உங்கட சொல்லை இல்ல, அவட சொல்லை. தன்ட வாயில வாற நல்ல சொல் ஒருத்தருக்கும் தன்ட காதில விழாது. கடைசியில அந்தத் துண்டுகளை மாத்திக்கொள்ளுங்க, வெள்ளைக் கடதாசியைப் பாத்துக்கொண்டு முழிக்கிற பயம் இனி இருக்காது.

எழுதுறதுக்கு முறை எதெண்டா எனக்கு அந்தாதியை விட ரெண்டு பேருக்குப் பொருத்தமானது வேற ஒண்டும் தெரியாது. ஒரு பாட்டு முடியிற சொல்லில அடுத்த பாட்டு தொடங்கும், அவ்வளவுதான் விதி. அபிராமி அந்தாதி வீட்டில படிச்சுக் கேட்ட ஆக்களுக்கு இது பழக்கம், நூறு பாட்டும் அப்பிடித்தான் போகும், நூறாவது பாட்டு சுத்தி வந்து முதல் பாட்டின்ட தொடக்கச் சொல்லிலயே வந்து முடியும், இதை மண்டலிச்சு முடிக்கிறது எண்டு சொல்லுவாங்க. அது ஒருத்தரே பாடினது. நீங்க ரெண்டு பேராச் செய்யுங்க. ஜப்பான்ல ரெங்கா எண்டு பல கவிஞர்கள் ஒண்டா இருந்து மாறி மாறி எழுதுற வழக்கம் நூற்றாண்டுக் கணக்கா இருந்தது, நாங்க இப்ப ஹைக்கூ எண்டு சொல்லுறதே அந்த ரெங்காட முதல் பாட்டுப் பிறகு தனியாப் பிரிஞ்சு வந்ததுதான், அதால சேர்ந்து எழுதுறது விளையாட்டு வேலை எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க.

இப்பிடித் தொடங்கலாம், மூண்டு மூண்டு வரி. ஒருத்தர் எழுதுறா:

மழை வாறதுக்கு முன்னம்
மொட்டை மாடிக் கொடியில
ஆற்றையோ வெள்ளைச் சட்டை

மற்றவர் கடைசிச் சொல்லை எடுக்கிறார்:

வெள்ளைச் சட்டைக் கையில
கழுவக் கழுவப் போகாத மை
சோதனை முடிஞ்சு கனநாள்

திருப்பி முதலாள்:

கனநாள் பூட்டிக் கிடந்த வீட்டில
இண்டைக்கு லைட் எரியுது
ஆர் வந்தாங்களோ

கவனிச்சீங்களா, ரெண்டாமாள் சட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டார், முதலாள் அதை நினைச்சே இருக்க மாட்டா. அங்கதான் இந்த முறையின்ட முழு இன்பமும், நீங்க விட்ட சொல்லை மற்றவர் எங்க கொண்டு போவார் எண்டு தெரியாது. அதால ஒரு கட்டுப்பாடு வையுங்க: முன்னால உள்ள பாட்டின்ட கதையையே தொடரக்கூடாது, சொல்லை மட்டும் எடுத்து வேற இடத்துக்குப் போகோணும். இல்லாட்டி அது கதை மாதிரி இழுபடும். முடியிற சொல்லாகப் பாரமான சொல் வைக்காதீங்க, "நித்தியம்" எண்டு முடிச்சா அடுத்தவர் பாவம், எங்க போவார்? மழை, கதவு, சில்லறை, படி, இப்பிடி கையால தொடக்கூடிய சொல்லில முடிச்சுக் குடுங்க.

யாப்பு படிக்கோணுமா எண்டு கேட்டா, முதல் கொப்பிக்குத் தேவையில்ல. ஆனா எதுகையும் மோனையும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்க, செலவில்லாத விஷயம். மோனை எண்டா முதல் எழுத்து ஒத்து வாறது, கடல், கரை, காத்து. எதுகை எண்டா ரெண்டாம் எழுத்து ஒத்து வாறது, முதல் எழுத்து அளவில ஒத்திருக்கோணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். காலி வீதி எண்டதில காலியை எடுங்க, வேலி, கூலி, தாலி, கேலி, எத்தினை வருது பாருங்க, ஒரு பஸ் பயணத்துக்குள்ள ஒரு கவிதைக்குச் சொல் சேர்ந்திடும். பிறகு ஆசை வந்தா குறள் வெண்பாவைத் தொடுங்க, ஏழு சீர்தான், முதல் அடியில நாலு, ரெண்டாவதில மூண்டு. சிரிச்சு எழுத விருப்பமெண்டா எங்கட மஹாகவி உருத்திரமூர்த்தி 1960கள்ல பழக்கிவிட்ட குறும்பா இருக்கு, அஞ்சு வரி, ரெண்டு பேர் மாறி மாறி வரி போட்டு எழுத அதைவிடக் கலகலப்பான வடிவம் கிடைக்காது.

மற்றவர் எழுதினதைப் பத்திக் கதைக்கிறதுதான் கூடக் கவனமா இருக்க வேண்டிய இடம். எத்தினையோ ஆக்கள் எழுதுறதை விட்டது ஒரே ஒரு ஆள் சொன்ன ஒரு வசனத்தால. நான் சொல்லுற முறை இது: அவ எழுதினதை நீங்க சத்தமா வாசியுங்க, நீங்க எழுதினதை அவ வாசிக்கட்டும். எழுதினவருக்கு எங்க நிப்பாட்டோணும் எங்க ஓடோணும் எண்டு மனசில இருக்கும், அதால தானே வாசிச்சா எல்லாம் சரியா இருக்கிற மாதிரித்தான் கேக்கும். மற்ற ஆள் வாசிக்கேக்க நாக்குத் தடக்குற இடத்தில ஒரு சின்னக் கோடு போடுங்க, அங்க ஒரு சொல் கூட இருக்கு இல்லாட்டி ஒழுங்கு மாறி இருக்கு. பிறகு வாசிச்சவர் எந்த வரி மனசில நிக்குது எண்டு சொல்லட்டும், ஒரு கேள்வி மட்டும் கேக்கட்டும், "இந்த லைட் ஆர் போட்டது?" மாதிரி. திருத்தம் சொல்ல வேண்டாம். அவட வரியை நீங்க மாத்தி எழுதிக் காட்டவே வேண்டாம், அது உங்கட வரி ஆயிடும். நல்லா இருக்கு எண்டு மட்டும் சொல்லிட்டு விடுறதும் உதவி இல்ல, எது நல்லா இருக்கு எண்டு சொல்லுங்க.

கொப்பி நிரம்பத் தொடங்கினா அதுக்கு ஒரு துணி அட்டை போட ஆசை வரும். துணியில நேரா கம் பூசினா முன்பக்கம் ஊறிக் கறையாகும், அதால துணிக்குப் பின்னால முதல்ல ஒரு மெல்லிய கடதாசி ஒட்டிக் காய விடுங்க. பசை வீட்டிலயே காய்ச்சலாம், ரெண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைப் பத்து மேசைக்கரண்டி பச்சைத் தண்ணியில கட்டி இல்லாமக் கரைச்சு, மெல்லிய நெருப்பில கிண்டிக்கொண்டே இருந்தா மாவின்ட வெள்ளை போய்ப் பளபளப்பு வரும், அப்ப இறக்கி வடிச்சு ஆற விடுங்க. ஃபிரிட்ஜில வச்சு ரெண்டு மூண்டு நாளுக்குள்ள பாவிக்கோணும். ஆனா மாப்பசைக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பொத்தானும் வரும், கொழும்பு ஃபிளட்டில சொல்லத் தேவையில்ல, அதால கனகாலம் வைக்கிற கொப்பிக்கு ஹாட்வெயார் கடையில விக்கிற வெள்ளைக் கம் கொஞ்சம் தண்ணி விட்டுப் பாவிக்கிறது நல்லம். தடிச்ச காட்போட் ரெண்டு துண்டு, துணி நாலு பக்கமும் 2 சென்ரிமீற்றர் கூட, மூலைகளைச் சரிவா வெட்டி மடிச்சு ஒட்டுங்க. மூலையில காட்போட்டோட ஒட்ட வெட்டக்கூடாது, காட்போட்டின்ட தடிப்பை விடக் கொஞ்சம் கூட இடம் விடோணும், இல்லாட்டி மூலை வெளிய தெரியும்.

ஒட்டின பிறகு அவசரப்படாதீங்க. இங்க காத்திலயே தண்ணி, மே மாசமும் ஒக்டோபர் நவம்பரும் சரியான மழை, அந்த நாள்ல ஒட்டினது ஒரு இரவில காயாது. மேலயும் கீழயும் பொலித்தீன் வச்சு, மேல பாரமான புத்தகங்கள் அடுக்கி, ஒரு இரவு, மழை நாளெண்டா ரெண்டு மூண்டு இரவு விடுங்க. ஈரத்தோட எடுத்தா அட்டை வளையும், மூடி வச்சா பூஞ்சணம் பிடிக்கும். ஜனவரி பெப்ரவரிதான் இந்த வேலைக்கு நல்ல மாசம். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சின்ன சிலிக்கா பைகளை எறியாம கொப்பி வைக்கிற பெட்டிக்குள்ள போடுங்க.

புத்தகக்குறிக்குப் பனையோலை எடுங்க. ரெண்டு விரல் அகல ஓலையை மெல்லிசாக் கிழிச்சு, தண்ணியில ஊற வச்சு, ஈரத் துணியில சுத்தி வச்சுக்கொண்டு பின்னினா வெடிக்காது. மூண்டு கீத்துச் சடை பின்னல் எல்லாருக்கும் தெரியும், அதே காணும். ஊரில பெட்டி, சுளகு பின்னின ஆச்சிமார் உங்கட சொந்தத்தில இருந்தா ஒரு பின்னேரம் போய் இருந்து பாத்துப் பழகுங்க, வீடியோவில விரல் எங்க போகுது எண்டு வடிவாத் தெரியாது. அதே ஓலையில எழுத்தாணியால எழுதித்தான் எங்கட பழைய பாட்டெல்லாம் வந்து சேர்ந்தது எண்டது ஓலை கையில இருக்கேக்க வேற மாதிரி விளங்கும்.

மே மாசம் வெசாக் வந்தா ஒரு வெளிச்சக்கூடு கட்டுங்க. ஒரே நீளத்தில பன்னிரண்டு மூங்கில் குச்சி எடுத்து நூலால கட்டினா ஒரு சதுரப் பெட்டி வரும், நாலு பக்கத்துக்கும் மெல்லிய நிறக் கடதாசி, சவ் கொல எண்டு கேட்டா எந்தக் கடையிலயும் எடுத்துத் தருவாங்க. ஒட்ட முன்னம் அதில உங்கட அந்தாதியில இருந்து பக்கத்துக்கு ஒரு பாட்டா மார்க்கரால எழுதுங்க, ஒட்டி ஈரமான பிறகு எழுதினா கிழியும். நாலாவது பக்கம் முதல் பக்கத்துச் சொல்லில முடிஞ்சா எந்தப் பக்கத்தில இருந்து வாசிச்சாலும் பாட்டு ஓடும். உள்ளுக்குச் சின்ன எல்ஈடி பல்ப் போடுங்க, ஃபிளட் பால்கனியில மெழுகுதிரி வேண்டாம். அதே கூட்டைப் பத்திரமா வச்சா கார்த்திகை விளக்கீட்டுக்கும் தூக்கலாம்.

எழுத ஒண்டும் வரேல்ல எண்டு ரெண்டு பேரும் இருக்கிற நாளும் வரும். அண்டைக்கு வெளியில போங்க. தேசிய நூதனசாலை 1877ல இருந்து திறந்திருக்கு, அங்க காலியில கண்டெடுத்த ஒரு கல் இருக்கு, 1409ன்ட திகதி போட்ட சீனக் கல்வெட்டு, ஒரே கல்லில சீனமும் தமிழும் பாரசீகமும். அதுக்கு முன்னால ரெண்டு பேரும் பேசாம நிண்டுட்டு வெளிய வந்து விகாரமகாதேவிப் பூங்காவில இருந்து ஆளுக்கு ஆறு வரி எழுதுங்க, பிறகு காட்டுங்க. வெள்ளவத்தையில 1942ல தொடங்கின கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில நூலகம் இருக்கு, ஈழத்துக் கவிஞர்கள்ட பழைய தொகுப்புகளைத் தேடி எடுத்து வாசியுங்க, வாசிக்காம எழுதிக்கொண்டே இருந்தா கெதியாச் சொல் வத்திப்போகும். நாலு பேருக்கு முன்னால வாசிக்கலாம் எண்டு தைரியம் வந்தா, வலம்புரி கவிதா வட்டம் போயா நாள்ல கவியரங்கு வைக்கிற வழக்கம் இருக்கு, எங்க எப்ப எண்டு விசாரிச்சிட்டு ரெண்டு பேருமாப் போங்க. முதல் தரம் கேக்க மட்டும் போனாலும் சரி.

கடைசியா ஒண்டு, இது எங்கட ஆக்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம். இண்டைக்குப் பக்கத்து ஒழுங்கையில இருக்கிற சிநேகிதி அடுத்த வருஷம் கனடாவிலயோ லண்டன்லயோ இருப்பா. அதுக்காக நிப்பாட்டாதீங்க. ஏ4 80 ஜீஎஸ்எம் தாள் ஒண்டு சரியா 5 கிராம், பத்துத் தாள் 50 கிராம், அதால பிரிஸ்டல் அட்டை போட்ட கொப்பி விமானத் தபாலுக்குப் பாரமே இல்ல. துணி அட்டை போட்டதை இங்க வச்சுக்கொண்டு மெல்லிசானதை அனுப்புங்க. மழை படாம பொலித்தீன்ல சுத்தி, உள்ளுக்கு ஒரு காட்போட் துண்டு வச்சு, தபால் கந்தோரில நிறுத்துக் காட்டிட்டு முத்திரை ஒட்டுங்க. அனுப்ப முன்னம் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வையுங்க, தபால் தவறினாலும் பாட்டுத் தவறாது. அவ தன்ட பாட்டை எழுதித் திருப்பி அனுப்ப ஒண்டரை ரெண்டு மாசம் ஆகலாம், வாட்ஸ்அப்ல முதலே கேட்டு வாசிச்சிடாதீங்க, கொப்பி வரட்டும். நாப்பதாவது பக்கம் ஆருக்கு வருதோ அவங்க முதல் பாட்டின்ட முதல் சொல்லில கொண்டு வந்து முடிக்கோணும், மற்ற ஆள் அடுத்த கொப்பிக்குக் கடதாசி மடிச்சு வைக்கோணும்.